கணக்கு எதுக்கு சார்? டீக்கடையிலும் டியூஷனிலும் ஓயாமல் வரும் கேள்விகள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அப்பா விட்டுப்போன பத்து மா நிலமும் இருக்கிறது. காலையில் டீக்கடை, சாயங்காலம் பிள்ளைகள், ராத்திரி கைப்பேசியில் சொந்தக்காரர்கள் என்று மூன்று இடத்திலும் ஒரே சண்டைதான் நடக்கிறது: அறிவியலும் கணக்கும் பெரிசா, சும்மாவா, நம்ம முன்னோர் அதையெல்லாம் எப்பவோ முடித்துவிட்டார்களா. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். வரிசை கிடையாது, கேள்வி வந்த மாதிரி போட்டிருக்கிறேன்.

வயலில் இறங்குகிறவனுக்குக் கணக்கு எதுக்கு சார்? கூட்டல் கழித்தல் போதாதா?

பெருக்கல் வகுத்தலையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். அதைக்கூட யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை. ஜூன் பிறந்தால் டீக்கடையில் டி.எம்.சி., கன அடி என்று பேச்சு பறக்கும். ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. மேட்டூரில் வினாடிக்கு 12,000 கன அடி திறக்கிறார்கள் என்றால், நாளைக்கு 86,400 வினாடி, பெருக்கினால் 103 கோடி சொச்சம், அதாவது நாள் ஒன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மேலேயிருந்து சொட்டு வராமல் போனால், அடிமண் வரை வழித்தெடுத்தாலும் 90 நாள். குறுவை நெல்லுக்கு 105 முதல் 120 நாள் வேண்டும். 'அணை நிரம்பிடுச்சு, இனி என்ன கவலை' என்கிறவரிடம் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுக் காட்டினால் போதும்.

இன்னொன்று. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தினால் ஏறக்குறைய 23,000 ஏக்கர் நனையும், நம் கணக்கில் 3,400 வேலிக்கு மேல். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 4 அடி தண்ணீர் என்பது பாடப்புத்தக அளவு, அப்படியானால் 5,700 ஏக்கர். மழை கொடுப்பதையும் ஆற்று மணல் குடிப்பதையும் இதில் சேர்க்கவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்குத் திறந்துவிட வேண்டிய அளவை 192லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோது 'பதினாலு முக்கால்தானே' என்றார் ஒருவர். 5,700ஆல் பெருக்கிக் காட்டினேன், 84,000 ஏக்கர். டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டார்.

இது எட்டாம் வகுப்புக் கணக்கு. இன்டெக்ரேஷன் எதுக்கு?

மதகு நாள் முழுக்க ஒரே அளவில் திறந்திருந்தால் பெருக்கினால் முடிந்தது. மணிக்கு மணி அளவு மாறிக்கொண்டே இருந்தால் மொத்தம் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? அந்தக் கேள்விக்குப் பெயர்தான் இன்டெக்ரேஷன். இதைச் சொல்லாமல் சூத்திரப் பக்கத்தை மட்டும் நீட்டினால் பிள்ளைகள் வெறுக்கத்தான் செய்யும், அது அவர்கள் தப்பு இல்லை.

0.999... என்று போய்க்கொண்டே இருந்தால் அது 1க்குச் சமமா, கொஞ்சம் குறைவா?

சமம். கொஞ்சம்கூடக் குறைவு கிடையாது. இதற்கு நான் சொல்லும் உதாரணம் பாகப்பிரிவினை. ஒரு ஏக்கரை மூன்று அண்ணன் தம்பி பிரிக்கிறார்கள், ஆளுக்கு 33 சென்ட் என்று எழுதினால் ஒரு சென்ட் அநாதையாக நிற்கும். ஒரு சென்ட் என்றால் 435 சதுர அடி, அதில் ஒரு சின்ன வீடே கட்டிவிடலாம், கேஸும் நடத்தலாம். சரி, 33.3 என்று எழுதுங்கள், மிச்சம் 0.1 சென்ட். 33.33 என்றால் 0.01. மூன்றை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் யாருக்கும் சேராத மண் எவ்வளவு மிஞ்சும்? எவ்வளவு சின்ன அளவைச் சொன்னாலும் அதைவிடக் குறைவுதான் மிஞ்சும் என்றால், மிஞ்சுவது பூஜ்யம். 'எங்கேயாவது ஒரு துளி இருக்கத்தானே செய்யும்' என்பவர்கள், நிறுத்தாமல் எழுதுவதை மனசுக்குள் எங்கேயோ நிறுத்திவிடுகிறார்கள்.

8 ÷ 2(2+2) எவ்வளவு? எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

16 என்பவரும் சரி, 1 என்பவரும் சரி, எழுதியவர்தான் தப்பு. அடைப்புக்குறி ஒன்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இதில் கணக்கே இல்லை.

பித்தாகரசுக்கு முன்னாலேயே தமிழர்கள் வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

வருடத்துக்கு நாலு தரம் வரும் செய்தி இது, போதையனார் பெயரில் ஒரு பாட்டோடு வரும். அதில் சொல்லும் வழி இதுதான்: செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கத்தில் நீளமானதை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள சாய்ந்த பக்கம். போட்டுப் பார்ப்போம். பக்கங்கள் 4, 3. நாலில் எட்டில் ஒன்று அரை, போனால் மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, ஆக 5. சரியாக வருகிறது! 12, 5 என்றால்? 10.5 கூட்டல் 2.5, சரியாக 13. இந்த இரண்டைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்து எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதைப் போட வேண்டாமா? 15, 8 என்றால் 17 வர வேண்டும், வருவது 17.125. நூறடிக்கு நூறடி மனை என்றால் குறுக்கே 141.4 அடி, இந்த வழியில் 137.5. அந்த நம்பிக்கையில் கம்பி வாங்கினால் கிட்டத்தட்ட நாலடி பற்றாது. நூறடி நீளம், பத்தடி அகலத்தில் ஒரு சந்து மனையை எடுத்துக்கொள்ளுங்கள், 87.5 கூட்டல் 5, 92.5 அடி. நேராக நடந்தால் நூறடி, மூலைக்கு மூலை குறுக்கே நடந்தால் தொண்ணூற்றிரண்டரை அடியா? அப்படி ஒரு மனை இருந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன்.

கொஞ்சம் அல்ஜீப்ரா தெரிந்தவர்கள் இதோடு நிறுத்தக் கூடாது. சின்னப் பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து, இந்த வழி எப்போது துல்லியமாக இருக்கும் என்று சமன்பாடு எழுதினால் இருபடிச் சமன்பாடு வரும். இருபடிக்கு இரண்டு விடைதான், 3/4, 5/12. அதாவது 4-3ம் 12-5ம் தற்செயலாகப் பொருந்தவில்லை, பொருந்துவதே அந்த இரண்டு விகிதத்துக்குத்தான் (8-6, 24-10 எல்லாம் அதே விகிதம்). அந்த இரண்டுக்கும் நடுவில் தப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, கூரைக்குக் கை மரம் வெட்டுகிறவனுக்கு மனசுக்குள்ளேயே போடுகிற மாதிரி ஒரு வழி வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அருமையான வேலை. தேற்றம் என்று பொய் சொல்லி அதைத் தூக்கிவைக்கிறபோதுதான், முதல் நூறடி மனையிலேயே மானம் போகிறது.

ராமானுஜமே ஃபெயிலானவர். மார்க் எதுக்கு?

இந்தக் கேள்வி எப்போதும் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகுதான் வரும். ஆமாம், கும்பகோணம் கல்லூரியில் கணக்குத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார், பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. (அந்தக் காலத்து இன்டர்மீடியட்) தேறவில்லை. அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். பேப்பர் வாங்கக் காசில்லாமல் பலகையில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டு இருந்தார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர். இங்கிலாந்தில் இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாவதாக 1913 ஜனவரியில் எழுதியது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு. ஹார்டியும் குப்பையில் போட்டிருந்தால்? சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீட்டைப் பார்க்க இன்றைக்கு யார் வரப்போகிறார்கள்? ஃபெயிலாகி ராமானுஜம் ஆனவர் ஒருவர், ஃபெயிலாகி ஃபெயிலாகவே போனவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழெட்டுப் பேர். அந்தப் படிப்புமுறை அவரைத் தவறவிட்டது உண்மை. அதற்காகப் படிப்பைத் திருத்துங்கள், படிக்காமல் இருப்பதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

ராமானுஜத்துக்குச் சூத்திரங்களைக் குலதெய்வம் நாமகிரித் தாயார்தானே கனவில் சொன்னார்?

அவர் அப்படித்தான் நம்பினார், அதை மறுக்க நான் யார். ஆனால் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களைப் பற்றிச் சொன்னதில் தப்பும் இருந்தது. சரியெல்லாம் தாயார், தப்பெல்லாம் ராமானுஜமா? எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, சரியா என்பது வேறு கேள்வி, கணக்கு இரண்டாவதை மட்டும்தான் கேட்கும்.

1+2+3+4... கூட்டினால் மைனஸ் 1/12 என்று அவரே எழுதியிருக்கிறாரே?

எழுதினார், அதே கடிதப் போக்குவரத்தில், 'என் கோட்பாட்டின்படி' என்ற சொல்லோடு. அந்தச் சொல்லை வெட்டிவிட்டுத்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். சாதாரணக் கூட்டலில் அந்தத் தொகை எல்லை இல்லாமல் பெருகும், அவ்வளவுதான். ஆனால் முடிவில்லாத தொடர்களுக்கு ஒரு எண்ணைக் கட்டிவைக்க வேறு ஒழுங்கான முறைகள் உண்டு, அவற்றில் இந்தத் தொடருக்குக் கிடைக்கும் எண் அது. மளிகைக் கடைப் பாக்கியில் இதைப் போட முயற்சி செய்ய வேண்டாம்.

அவர் கண்டுபிடித்ததெல்லாம் யாருக்கு என்ன உபயோகம்? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேர்மையாகவா? சரி. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1, ஐந்து விதம். 100ஐ? 19,05,69,292 விதம். 4, 9, 14, 19 என்று கடைசி இலக்கம் 4 அல்லது 9 ஆக உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் அந்த விதங்களின் எண்ணிக்கை ஐந்தால் மீதியில்லாமல் வகுபடும் என்று அவர் காட்டினார். இதனால் ஒரு மூட்டை நெல்கூட அதிகம் விளையாது. பை-யின் மதிப்புக்கு 1914ல் கொடுத்த தொடரை வைத்து 1985ல் 1.7 கோடி இலக்கம் வரை கணினியில் போட்டார்கள். விண்கலம் ஓட்டுகிறவர்களுக்கே பதினைந்து தசம இலக்கம் போதும்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஹார்டி 1940ல், தன் கணக்கால் உலகுக்கு ஒரு பயனும் இல்லை என்று கிட்டத்தட்டப் பெருமையாகவே எழுதினார், எண் கோட்பாடு போருக்குக்கூட உதவாது என்றார். 1977ல் மூன்று பேர் பகா எண்களை வைத்து ரகசிய எழுத்து முறை ஒன்றைச் செய்தார்கள், இணையத்தில் பணம் அனுப்புவதைப் பாதுகாக்க அது பெரிய அளவில் பயன்பட்டது. ஆகவே இன்றைக்கு உபயோகமில்லாதது நாளைக்கு உபயோகமாகும் என்று முடிப்பார்கள். எனக்கு இந்த முடிவு இப்போது பிடிப்பதில்லை. உபயோகமான ஒன்றைச் சொல்லும்போது, நூறு வருடமாக ஒன்றுக்கும் ஆகாமல் கிடக்கும் மற்றதையெல்லாம் சொல்லாமல் விடுகிறோம், ஃபெயிலான ராமானுஜம் கதையில் செய்த அதே தந்திரம். ஐந்தால் வகுபடும் விஷயத்தைக் கரும்பலகையில் போட்டதும் பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன் 'ஏன் சார்?' என்று கேட்டான். அதற்கு மேல் ஒரு பயனைக் காட்ட எனக்குத் தெரியவில்லை, தேவையும் படவில்லை.

ஏழைக்குச் சோறில்லை, நிலாவுக்கு ராக்கெட்டா?

சந்திரயான்-3க்கு ஏறக்குறைய 615 கோடி ரூபாய், 140 கோடி பேர், தலைக்கு நாலரை ரூபாய்கூட இல்லை, ஒரு டீக்குக் காணாது. இப்படி ஒரு பதில் உண்டு, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எந்தச் செலவையும் 140 கோடியால் வகுத்தால் அற்பமாகத்தான் தெரியும், எதற்கும் ஆகாத ஒரு சிலைக்கும் இதே கணக்கைப் போடலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுவதற்கு முன்பே ஜனங்களை முகாம்களுக்கு ஏற்றினார்கள். புயல் வருவதைக் கடலுக்கு மேலே பார்த்துச் சொன்னதில் நம் செயற்கைக்கோளுக்கும் பங்கு உண்டு. தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை, அது வேறு துயரம். நிலாவுக்கு அனுப்பியதற்கு இதைக் காரணமாகக் காட்ட மாட்டேன், ராக்கெட் விடக் கற்றுக்கொண்டது எதற்கு என்றால் இதைக் காட்டுவேன்.

மழை வரும் என்று சொன்னால் வருவதே இல்லை. அப்புறம் என்ன விஞ்ஞானம்?

'30 சதவீதம் மழை' என்று கைப்பேசி காட்டினால், அப்படிக் காட்டும் பத்து நாளில் மூன்று நாள் பெய்யும், ஏழு நாள் பெய்யாது என்று அர்த்தம். ஏழு நாளும் திட்டுகிறோம். அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடக்கிறது என்று வையுங்கள். தார்ப்பாயும் ஆளும் 2,000 ரூபாய், நனைந்தால் 20,000 ரூபாய் நஷ்டம் என்றால், 10 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு காட்டினாலும் மூடுவதுதான் புத்தி. பத்துத் தரம் மூடி ஒன்பது தரம் வெயில் அடித்தாலும் நீங்கள் ஏமாறவில்லை. பொங்கலுக்கு முன்னால் இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை, எங்கள் வீட்டிலும்தான்.

பாரம்பரிய நெல்லா, ஆராய்ச்சி நிலைய நெல்லா? நீங்கள் எந்தப் பக்கம்?

பக்கமே தப்பு. ஆடுதுறையில் 1922லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அறுபதுகளில் அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 27 தஞ்சாவூர் ஜில்லாவையே மாற்றியது. அதைத் திட்டுகிற என் வயதுக்காரர்கள் பலர் அந்த அரிசியில் வளர்ந்தவர்கள். அந்தப் பக்கம், பசுமைப் புரட்சியின் தந்தை என்று சொல்லப்படும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனே 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில், மண்ணையும் நீரையும் சுரண்டி, நாட்டு ரகங்களை விட்டு ஒன்றிரண்டு ரகங்களை மட்டும் நட்டுக்கொண்டே போனால் என்னவாகும் என்று எச்சரித்தார். பசுமைப் புரட்சி இன்னும் முழுசாக நடக்கக்கூட இல்லை அப்போது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் வேளாண்மைப் பட்டம் படித்து கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை கொடுத்து மறு வருஷம் நாலு கிலோவாக வாங்கி, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ரகங்களைப் பரப்பினார். விதையைப் பெருக்கிப் பரப்புவதற்கு இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. ஒடிசாவில் வெள்ளத்தைத் தாங்கும் ஒரு நாட்டு நெல் இருந்தது, அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006ல் கண்டுபிடித்தார்கள். அதைக் கலப்பின முறையில் மற்ற ரகங்களுக்குக் கொண்டுவந்தார்கள், நம் சி.ஆர். 1009 நெல்லுக்கும்தான். ஐப்பசி மழையில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் எழுந்துவிடும். அது பாரம்பரியமா, ஆராய்ச்சியா? தலையைப் பிய்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாவது விதி என்கிறார் எங்கள் சித்தப்பா.

நல்ல தண்ணீர் லேசானது, கடல் தண்ணீர் கொஞ்சம் கனம், நூற்றுக்கு இரண்டரை பங்கு. அதனால் கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதை ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். திருப்பிப் படியுங்கள்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், நாளாவட்டத்தில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். விதி என்று சித்தப்பா சொன்னது சரிதான், இயற்பியல் விதி.

இத்தனை வாதாடி யாரையாவது மாற்றியிருக்கிறீர்களா?

அரை ஆள். தஞ்சாவூர் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று மாதாமாதம் அனுப்பும் மாமா ஒருவர் உண்டு. விமானம் 216 அடி. தஞ்சாவூர் பூமத்திய ரேகையிலிருந்து 10.8 பாகை வடக்கே. டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலேயே சூரியன் 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் 145 அடிக்கு மேல் வடக்கே நீளும், விமானத்தின் அடிப்பாகம் பாதி அகலம் ஐம்பது அடிதான். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் சில நாள் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும்போது நிழல் வெளியே விழாது, ஆனால் அன்றைக்கு எங்கள் மாட்டுக்கொட்டகைக்கும் விழாது. இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், 'நீ நாத்திகன்' என்று பதில் வந்தது. சரி என்று போன மார்கழியில் குடும்பத்தோடு அழைத்துப்போனேன். மத்தியானம், கல் தரை கொதித்தது. 'மாப்ளே, கால் சுடுது, இந்தப் பக்கம் வா' என்று நிழலுக்கு ஓடினார். நான் ஒன்றும் பேசவில்லை, அண்ணாந்து மட்டும் பார்த்தேன். அவரும் பார்த்தார். ராஜராஜன் செய்த காரியத்துக்கு நிழல் விழாத பொய் எதற்கு, அந்த உயரத்துக்குக் கல்லை ஏற்றியதே போதாதா என்று கேட்டேன், பதில் இல்லை.

அடுத்த வாரம் அதே செய்தியை மறுபடி அனுப்பியிருந்தார், 'சித்திரை மாதம் உச்சி வேளையில்' என்று சேர்த்து.